பழைய காருக்குப் பாலிஷ்: இங்கே அண்டூ கிடையாது!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்ளும் வசதிகளில் ஒன்று அண்டூ. வேர்டில் ஒரு பத்தியைத் தவறுதலாக அழித்துவிட்டால் கண்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்துகிறோம். போனது திரும்பி வந்துவிடுகிறது. இந்தப் பழக்கம் வந்த பிறகு எதையும் துணிந்து செய்து பார்க்கலாம் என்ற தைரியம் வந்துவிடும். கம்ப்யூட்டரில் அது நல்ல தைரியம்தான். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காரிடம் அந்தத் தைரியத்தைக் காட்டினால் ஆபத்து.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய வெள்ளி நிற மாருதி ஆல்ட்டோ. 2009-ல் பதிவானது. நம் நாட்டில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2024-ல் புதுப்பித்தோம். ஆக, இந்தக் கார் இன்னும் சில ஆண்டுகள் ஓடியாக வேண்டும். முழுக் காருக்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாம் என்றால், அந்தச் செலவு இந்த வயதுக் காரின் விலைக்குப் பொருந்தாது. இருக்கிற பெயிண்டைக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி. உங்களில் பலருடைய நிலையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இண்டர்நெட்டில் கார் பாலிஷ் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் பதில்கள் வந்து குவியும். ஒருவர் பற்பசை தேய்க்கச் சொல்வார். ஒருவர் மெஷின் வாங்கச் சொல்வார். எது சரி, எது தவறு என்று நீங்களே முடிவு செய்ய, பெயிண்ட் எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அதை முதலில் பார்ப்போம்.

பெயிண்டில் எத்தனை அடுக்கு?

நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே நிறம். உண்மையில் அது பல அடுக்குகள். தகட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற கிளியர் கோட். பளபளப்பு தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கிக் கொள்வதும் இந்தக் கிளியர் கோட்தான்.

கம்பெனி பெயிண்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் பிரிண்டரில் போடும் சாதாரணத் தாள் ஏறக்குறைய 100 மைக்ரான் தடிமன். கிளியர் கோட் மட்டும் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். அதாவது பாதித் தாளின் தடிமன்கூட முழுதாகக் கிடையாது!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாலிஷ் போட்டால் கீறல் எப்படி மறைகிறது? கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, கீறலின் ஆழம் வரை தேய்த்து எடுக்கிறோம். மேடும் பள்ளமும் சமமானதும் ஒளி நேராகத் திரும்புகிறது, கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிகிறது. ஒவ்வொரு பாலிஷும் ஒரு டெலிட். ரீசைக்கிள் பின் கிடையாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிளியர் கோட் 40 மைக்ரான், ஒவ்வொரு தீபாவளிக்கும் காம்பவுண்ட் போட்டு 3 மைக்ரான் தேய்க்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். 5 ஆண்டில் 15 மைக்ரான் காலி. மிச்சம் 25. வெயிலைத் தாங்கும் சக்தியும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பிறகு ஒரு கோடையில் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிய ஆரம்பிக்கும். அப்படி உரிந்த இடத்தை எந்தப் பாலிஷும் சரி செய்யாது. அந்தப் பகுதிக்குப் புதுப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும்.

உங்கள் காரில் கிளியர் கோட் உண்டா?

எல்லாக் கார்களிலும் கிளியர் கோட் இருக்காது. பழைய கார்கள் சிலவற்றில், குறிப்பாக வெள்ளை, சிவப்பு போன்ற சாதா நிறங்களில், நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கிலேயே இருக்கும். மெட்டாலிக் நிறம் என்றால் பெரும்பாலும் கிளியர் கோட் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். கதவின் அடிப்பகுதி போல் கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். துணியில் துளி பாலிஷ் எடுத்து மெதுவாகத் தேயுங்கள். துணியில் கார் நிறம் ஒட்டினால் ஒற்றை அடுக்குப் பெயிண்ட். ஒட்டாவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணியில் சோதிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. கிளியர் கோட் உள்ள காரில் ஓரிடத்தில் மட்டும் துணியில் நிறம் ஒட்டுகிறதா? அங்கே கிளியர் கோட் தீர்ந்துவிட்டது, அல்லது அந்தப் பகுதி பிறகு டிங்கரிங் செய்து வேறு பெயிண்ட் அடிக்கப்பட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிடுங்கள்.

மங்கலாக இருப்பதற்கு என்ன காரணம்?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் உடனே விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய மாட்டோம் அல்லவா? முதலில் காரணத்தைத் தேடுவோம். காரிலும் அப்படித்தான். மங்கலுக்கு மூன்று காரணங்கள்.

1. மேலே படிந்தது: போர் தண்ணீரின் உப்புக் கறை, தார்ப் புள்ளி, மரப்பிசின், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள். மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக் கொண்டு, கழுவிய பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் படிவு இருக்கிறது. வெறும் விரலுக்குத் தெரியாதது கவர் போட்ட விரலுக்குத் தெரியும்.

2. மேலாகக் கீறியது: காரை நிழலில் நிறுத்தி செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை மேலோட்டமான கீறல்கள். வெள்ளி, வெள்ளை நிறங்களில் அதிகம் தெரியாது. கறுப்பில் பளிச்சென்று தெரியும்.

3. பெயிண்டே கெட்டது: தோல் உரிவது, வெடிப்பு, நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல். விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் மாட்டினால் பாலிஷுக்கு அடங்காது. அங்கே டச்அப் பெயிண்ட் மட்டுமே உதவும். உங்கள் காரின் கலர் கோடு எஞ்சின் அறையிலோ கதவு ஓரத்திலோ உள்ள ஸ்டிக்கரில் அல்லது தகட்டில் இருக்கும். கடைக்குப் போகும் முன் அதைப் படம் எடுத்துக் கொள்ளுங்கள். தகடு வெளியே தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். துரு மழைக்காலத்துக்காகக் காத்திருக்கும்.

மூன்று டப்பா, மூன்று வேலை

கடையில் எல்லாவற்றையும் பாலிஷ் என்றே சொல்லித் தருவார்கள். ஆனால் இவை வேறு வேறு.

ரப்பிங் காம்பவுண்ட்: கரடுமுரடான துகள்கள் கொண்டது. வேகமாகப் பெயிண்டைத் தேய்க்கும். கடைசி ஆயுதம்.

பாலிஷ்: மிக நுண்ணிய துகள்கள் கொண்டது. குறைவாகத் தேய்க்கும், பளபளப்பு தரும்.

வாக்ஸ்: எதையும் தேய்க்காது. பெயிண்டின் மேல் ஒரு மெல்லிய படலமாக உட்காரும். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கார்னூபா பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு இதில் பிரபலம். அது உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தேவை. ஆனாலும் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில வாரம் முதல் இரண்டு, மூன்று மாதம் வரைதான் நிற்கும். சீலன்ட் என்ற பெயரில் வரும் செயற்கைப் பொருள்கள் இதைவிடக் கூடுதல் நாள் நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கிளீனர் வாக்ஸ் என்று சில டப்பாக்கள் வருகின்றன. பெயர் வாக்ஸ். ஆனால் உள்ளே தேய்க்கும் துகளும் இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை போட்டால் தப்பில்லை. மாதாமாதம் போட்டால், பாதுகாப்பதாக நினைத்துக் கொண்டு பெயிண்டைத் தேய்த்துக் கொண்டிருப்போம். லேபிளில் அப்ரேசிவ், கட், கிளீனர் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

செராமிக் கோட்டிங் பற்றியும் கேட்பீர்கள். நல்ல பொருள்தான், அதிக நாள் நிற்கும். ஆனால் அதைப் போடும் முன் கீறல்களை நீக்க மெஷினில் பாலிஷ் செய்வார்கள். பழைய காரில் எவ்வளவு பெயிண்ட் மிச்சம் என்று அளக்காமல் மெஷினை வைக்க விடாதீர்கள். பெயிண்ட் தடிமனை மைக்ரான் கணக்கில் காட்டும் சிறு மீட்டர் இருக்கிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வேலையைத் தொடங்குவோம்

காலையிலோ மாலையிலோ நிழலில் செய்யுங்கள். பானெட்டில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

1. கழுவுதல்: முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்குங்கள். பிறகு இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்புத் துணியால் ஒரு பகுதியைத் துடைத்ததும், அதை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மீண்டும் ஷாம்புவில் நனையுங்கள். துணியில் ஒட்டிய மணல் மறுபடி காருக்குப் போகாது. கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அது பெயிண்டைத் தொடக் கூடாது.

2. துடைத்தல்: போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்பு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய உப்புப் புள்ளி இருந்தால், வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, அந்த இடத்தில் மட்டும் தடவி, ஓரிரு நிமிடத்தில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

3. படிவு நீக்குதல்: சொரசொரப்பு இன்னும் இருந்தால் கிளே பார் தேவை. குழந்தைகள் விளையாடும் களிமண் போல் இருக்கும். அதற்குரிய திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லவிட வேண்டும். அழுக்கானதும் மடித்துப் புதுப் பக்கத்தை எடுங்கள். பல கார்களில் இதோடு பாதி மங்கல் போய்விடும். இத்துடன் திருப்தி என்றால் நேராக 6-வது படிக்குப் போங்கள்.

4. சோதனை இடம்: எக்செல்லில் ஒரு ஃபார்முலாவை ஒரு செல்லில் போட்டுப் பார்த்துச் சரியாக வந்த பிறகுதானே கீழே இழுக்கிறோம்? அதே முறைதான். பானெட்டில் ஒரு சாண் சதுர இடத்தை மட்டும் எடுங்கள். முதலில் மிக மென்மையான பாலிஷ். கையால் போட்டுத் துடைத்துப் பாருங்கள். போதுமா? முழுக் காருக்கும் அதுவே. போதவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டம். காம்பவுண்டில் ஆரம்பித்துப் பிறகு மென்மைக்கு வருவது தலைகீழ் வரிசை.

5. பாலிஷ்: பானெட்டை நாலாகப் பிரித்துக் கொண்டு ஒவ்வொரு பகுதியாகச் செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பாலிஷ் போதும். கையால் செய்தால் ஆபத்து குறைவு, நேரம் அதிகம். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அழுத்தமும் அங்கேதான் குவியும். அந்த இடங்களில் தேய்க்காதீர்கள். தேவைப்பட்டால் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளிலும் டேப் ஒட்டுவது நல்லது. இல்லாவிட்டால் வெள்ளைக் கறை நின்றுவிடும்.

6. வாக்ஸ்: மிக மெல்லியதாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் கூடுதல் பாதுகாப்பு வராது, துடைக்கும் வேலைதான் கூடும். டப்பாவில் சொன்ன நேரம் காய விட்டு, சுத்தமான மைக்ரோஃபைபரால் துடையுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதி இருந்தால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அடித்தவரிடம் கேட்டுக் கொண்டு வாக்ஸ் போடுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பற்பசை: அதிலும் தேய்க்கும் துகள் உண்டு. பல்லுக்காகச் செய்த அளவு அது, பெயிண்டுக்கு அல்ல.

மண்ணெண்ணெய், டீசல்: துடைத்தவுடன் புதுக் கார் போல் மின்னும். அது எண்ணெய்ப் படலம். மறுநாளே தூசியை இழுத்து ஒட்ட வைக்கும். கதவு ரப்பரையும் கெடுக்கும்.

துணி துவைக்கும் சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் திரவம்: போட்ட வாக்ஸை எல்லாம் எடுத்துவிடும்.

பனியன் வேஸ்ட்: மெக்கானிக் ஷெட்டில் கை துடைக்க நல்லது. தையலும் சிக்கிய மணலும் பெயிண்டில் கோடு போடும்.

காய்ந்த தூசியை வறட்டுத் துணியால் துடைப்பது: அடுக்குமாடிகளில் காலையில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணியோடு பத்துக் கார்களைத் துடைக்கிறார்கள். என் அனுபவத்தில் அன்றாடக் கீறல்களில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுத்த துணி அதுதான். நான் எங்கள் காருக்கென்று தனியாக நான்கு மைக்ரோஃபைபர் துணிகளைக் கொடுத்தேன். தினமும் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், சம்பளம் அதே என்று சொன்னேன். அவருக்கும் வேலை மிச்சம், காருக்கும் நல்லது.

பறவை எச்சம் விழுந்தால் மட்டும் வார இறுதி வரை காத்திருக்கக் கூடாது. வெயிலில் பெயிண்ட் இளகுகிறது, எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகுகிறது, அடையாளம் அப்படியே பதிந்துவிடுகிறது. ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊற வைத்து, தேய்க்காமல் எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு பதிவேடு

அண்டூ இல்லாத வேலைக்கு ஹிஸ்டரியாவது வேண்டும். இந்தப் பெயிண்டை எத்தனை முறை தேய்த்திருக்கிறோம் என்பது பெயிண்டைப் பார்த்தால் தெரியாது. எழுதி வைத்தால்தான் தெரியும். உங்கள் கம்ப்யூட்டர் இதற்கு மிகவும் பொருத்தம்.

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க்கைத் திறங்கள். முதல் வரிசையில் தேதி, பகுதி, அடுத்த தேதி, செய்த வேலை, பொருள், குறிப்பு என்று தலைப்புகள் கொடுங்கள். ஏ2 செல்லில் வாக்ஸ் போட்ட தேதியை டைப் செய்யுங்கள். சி2 செல்லில் =ஏ2+60 என்ற ஃபார்முலாவை, ஏ என்ற எழுத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுங்கள். 60 நாள் கழித்து வரும் தேதி வந்துவிடும். தேதிக்குப் பதில் 45 ஆயிரம், 46 ஆயிரம் என்று ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதிகளை நாள் கணக்கு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. கண்ட்ரோலையும் 1-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

படங்களையும் சேமியுங்கள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கோணம். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. ஃபைல் பெயரை 2025-11-16-பானெட்-முன் என்பது போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் வையுங்கள். பெயர் வாரியாக அடுக்கினாலே தேதி வரிசையில் நிற்கும். தேதியைச் சாய்வுக்கோடு போட்டு எழுத முயன்றால் விண்டோஸ் ஏற்காது. சிறு கோடு போடுங்கள்.

பதிவேட்டில் காம்பவுண்ட் என்ற சொல் இருக்கும் வரிகளைச் சிவப்பு நிறமாக்குங்கள். வாக்ஸ் வரிகள் பச்சை. ஷீட்டைத் திறந்ததும் பச்சை அதிகமாகவும் சிவப்பு அபூர்வமாகவும் இருக்க வேண்டும். எங்கள் ஆல்ட்டோவின் ஷீட்டில் இதுவரை ஒரே ஒரு சிவப்பு வரி. கூரையில் இனி சிவப்பு கூடாது என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்.

எப்போது நிறுத்துவது?

வாக்ஸ் இருக்கிறதா என்று அறியத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. பரந்து ஒட்டிக் கிடந்தால் மீண்டும் போடும் நேரம் வந்துவிட்டது.

கீறலைப் பொறுத்தவரை, பத்தடி தூரத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து தெரியாத கீறலை விட்டுவிடுங்கள். 15 வயதுக் காரில் அந்தக் கோடுகள் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றை எடுக்கச் செலவாகும் சில மைக்ரான், வரும் கோடைகளைத் தாங்க வேண்டிய மைக்ரான். காரைக் கழுவுவதும் வாக்ஸ் போடுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். தேய்ப்பதை மட்டும் எண்ணிச் செய்யுங்கள்.